கிரேன் முன் சீட்டில் உட்காரவில்லை

என் அக்கா புருஷனுக்கு வேலையிடத்தில் பெயர் கிரேன். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. நான் வேன் ஓட்டுகிறேன். மாமாவும் இன்னும் மூன்று பேரும் சுமக்கிறார்கள். மாமா ஃபிரிட்ஜை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர்கள் பிளந்து முடிக்கும்வரை ஒரு படியில் நின்று கொடுப்பார்.

எங்கள் வேனில் ஒரு சட்டம் உண்டு. என் பக்கத்து சீட்டில் ஆம்பிளை உட்காரக் கூடாது. சுமக்கும்போது "ஒரு கை பிடிங்கப்பா" என்று கேட்டவனுக்குத்தான் அந்த சீட்டு. மற்றவர்கள் பின்னால் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே கயிற்றைப் பிடித்து நின்றபடி வருவார்கள், கொட்டுகிற மழையிலும். இந்த மகா சட்டத்தைப் போட்டதே மாமாதான். அதனால் நல்ல மெத்தை வைத்த அந்த சீட்டில் எங்கள் ஐந்து பேரின் சாப்பாட்டு டப்பாக்கள் சொகுசாகப் பயணம் செய்யும்.

அப்பேர்ப்பட்டவருக்குக் குடல் இறங்கிவிட்டது. தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். இருமினால் எட்டிப் பார்க்கும், படுத்தால் உள்ளே போய்விடும். பேன்ட் மாற்றும்போது நான் பார்த்துவிட்டேன்.

"டாக்டர்கிட்ட போலாம் மாமா."

"வெறும் வாயுடா மாப்ள. யார்கிட்டயும் உளறி வைக்காத. முக்கியமா உங்க அக்காகிட்ட."

டாக்டர் சுமக்காதே என்பார். சுமக்காவிட்டால் கிரேன் யார்? அந்த பயம்தான் மனுஷனுக்கு. அக்காவின் பழைய துப்பட்டாவை எடுத்து வீக்கத்தின் மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். ஆம்பிளைத்தனத்தைக் காப்பாற்றப் பொம்பளைத் துணி!

போன மாதம் ஒரு வீட்டின் மூன்றாவது மாடிக்கு வாஷிங் மெஷினைத் தூக்கினார். பாதி வழியில், படி திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. பின்னால் நாற்காலிகளோடு நான்.

"என்ன மாமா?"

"பெயின்ட் நல்லாருக்குல்ல?" என்றார் சுவரைப் பார்த்து.

பெயின்ட்டாவது மண்ணாங்கட்டியாவது. மெஷினைச் சுவரோடு சாய்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். இந்த முறை வீக்கம் உள்ளே போகவில்லை.

நாங்கள் நாலு பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தோம். டப்பாக்களை அள்ளிக் கடாசிவிட்டு முன் கதவைத் திறந்தேன். உட்கார மாட்டேன் என்றுவிட்டார்.

"நான் கேக்கலையே. நீங்களாத்தானே பிடிச்சீங்க" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

எமன் வாசலில் நிற்கிறான், இவர் சட்டம் பேசுகிறார். பின்னால் ஏறி, யாரோ ஒரு புண்ணியவானின் பீரோவைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் அலறியது எனக்குக் கேட்டது. அழுகையும் வந்தது, இறங்கிப் போய் நாலு அறை விடலாமா என்றும் வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள்.

மறுநாள் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"வலிக்குதாங்க?"

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு அவர் பதில் "சேச்சே"தான். அன்று சுற்றுமுற்றும் பார்த்தார். கூட வேலை செய்கிறவர்கள் யாரும் இல்லை.

"உயிர் போகுதுடி" என்றார். கண்ணில் தண்ணீர்.

அக்கா பிடிபிடியென்று பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"எனக்கும் முட்டி வலிங்க. ரெண்டு வருஷமா. ராத்திரில தூக்கமே கிடையாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்க. நம்ம வீட்ல வலிக்குதுன்னு யாரு வாயத் தொறக்க முடியும்?"

நானும் அந்த வீட்டில் தினம் சாப்பிடுகிறவன், நானும் கவனித்ததில்லை. மாமா தையலைக் கையால் பொத்திக்கொண்டு, முனகி முனகி, கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"ஏறிப் படு."

"சும்மா இருங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ன கூத்து? இதுல பேஷன்ட் யாரு?"

"மெதுவாம்மா" என்றார் மாமா. "ரெண்டு பேரும்தான்."