வயிற்றுக்கு என்று சொன்ன மாத்திரை

பதினோரு நாள் நான் கர்ப்பமாக இருந்தேன். அப்படித்தான் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

எனக்குத் தொழில் சேலை விற்பது. சேலை நெய்கிற ஊரான இளம்பிள்ளைக்குப் போய் எடுத்து வந்து, வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில் விரித்துப் படமெடுத்து ஃபோனில் போடுவேன். அன்று காலை ஒரு சேலையை விரித்துப் பிடித்தபோது ரவிக்கை ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். துடைத்துப் பார்த்தால் பால். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. முப்பத்தாறு வயதில், பெறாத பிள்ளைக்குப் பால்.

மாமியாரிடம் சொன்னேன். என் முகத்தையே பார்த்தார். "நாள் எப்ப வந்துச்சு அம்மணி?" என்றார். மூன்று மாதமாக வரவில்லை. அதற்கு முன்பே தாறுமாறாகத்தான் வந்துகொண்டிருந்தது, அதனால் நான் கண்டுகொள்ளவில்லை. மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற கிட் வாங்கிப் பார்த்ததில், இல்லை என்று ஒரு கோடுதான் விழுந்தது. "அதுக்கு என்ன தெரியும் சாமி? பால் பொய் சொல்லுமா?" என்று அதைத் தூக்கிக் குப்பையில் போட்டார்.

அதன்பின் சேலை மூட்டையைத் தொட விடவில்லை. என் வீட்டுக்காரர் கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர், சிரிப்பதற்குக்கூட யோசிக்கிற மனுசன். வேலை முடிந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சந்தோஷத்தில் அழுதேன். இப்போது நினைத்தால் அந்தக் கையைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் மாமியாரோடு சேலத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தது. ரத்தத்தில் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ஏகத்துக்கு ஏறியிருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வருடமாக நெஞ்செரிச்சலுக்கு, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று.

அட்டையைத் திருப்பிப் படித்தார். "இது மனநோய்க்குக் கொடுக்கறதும்மா. கம்மி அளவுல வயித்துக்கும் சிலர் எழுதுவாங்க. இதுதான் பாலை வர வச்சு நாளை நிறுத்தியிருக்கு. இவ்வளவு நாள் கரு நிக்காததுக்கும் இது காரணமா இருக்கலாம். யாரும் சொல்லலையா?" என்றார்.

மாத்திரை எழுதிய எங்கள் ஊர்ப்பக்கத்து டாக்டரிடம் நேராகப் போனேன். "ஏனுங்க, இதுல நாள் நிக்கும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?" என்றேன். கத்தினேன் என்பதுதான் உண்மை. அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்க வயித்துல ஒண்ணுமில்லைங்கம்மா, எல்லாம் குழந்தைக் கவலை. மனசுக்குன்னு சொன்னா நீங்க போட மாட்டீங்க. அதான் உங்க ஊட்டுக்காரர உள்ள கூப்புட்டுச் சொல்லிட்டு எழுதுனேன். நாள் தள்ளிப் போனா உடனே கூட்டிட்டு வாங்கன்னும் சொன்னேனுங்களே?"

அதுவரை டாக்டர் மேல்தான் கோபம். அந்த நிமிடம் அது ஆள் மாறியது.

பண்ணைக்கே போனேன். அங்கே ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் ஒரு பலகை தொங்கும். என்ன மருந்து, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது எல்லாம் இவர் கையெழுத்தில் இருக்கும். ஒரு நாள் எழுத விட்டுப்போனால் வேலையாட்களைக் காய்ச்சி எடுத்துவிடுவார். கோழிக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை.

"எல்லாந் தெரியுமுங்களா உங்களுக்கு?" என்றேன்.

"பைத்தியத்துக்கு மாத்திரை திங்கறாள்னு வெளிய தெரிஞ்சா உனக்குத்தான புள்ள அசிங்கம்?" என்றார். "நாள் நிக்கும்னு சொன்னது மறந்துபோச்சு."

மறந்துபோச்சாம். நாள் நின்ற அந்த மூன்று மாதம் நீங்கலாக, குழந்தைக்காக மாதம் தவறாமல் ஈரோட்டில் ஒரு டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பரிசோதனையெல்லாம் இந்த மாத்திரைக்கு முன்பே எடுத்தது, இருவருக்கும் குறையில்லை என்று வந்தது. அதை வைத்துக்கொண்டே அந்த டாக்டர் ஒவ்வொரு முறையும், "வேற ஏதாவது மாத்திரை போடறீங்களா?" என்று கேட்பார். "கேஸ் மாத்திரை மட்டுந்தானுங்க" என்பேன். பக்கத்து நாற்காலியில் இவர் இருப்பார். "ஆமாங்க" என்பார். இருபது முறையாவது சொல்லியிருப்பார். வாயைத் திறந்து ஒரு முறை மாற்றிச் சொல்லியிருந்தால், எனக்கு இந்த இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும். மாத்திரை எழுதிய டாக்டர் ஊரான். இவரை நான் நம்பினேன்.

மாத்திரையை நிறுத்தினேன். பால் நின்றது. "நாள் வந்ததும் வாங்க, குழந்தைக்குப் பாத்துக்கலாம், தள்ளிப் போடாதீங்க, வயசாகுது" என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாம் மாதமே வந்துவிட்டது. இன்றுவரை நான்கு முறை ஒழுங்காக வந்திருக்கிறது. குழந்தை வேண்டும் என்ற ஆசை அவரைவிட எனக்குத்தான் அதிகம், இப்போதும்.

மாதம் பிறந்தால் அவர், "நாள் வந்துச்சா புள்ள?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். அவர் முகத்தைப் பார்த்தே சொல்கிறேன், "இன்னும் வர்லீங்க."