கித்துல்கலை ஆற்றில் நான் போட்ட கூச்சல்

ஐந்து வருடங்களுக்கு முன்பு, பௌர்ணமிக்கு விடுகிற ஒரு போயா விடுமுறையன்று நடந்தது இது. கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து நாங்கள் பெண்களாகச் சேர்ந்து கித்துல்கலை ஆற்றுக்குப் போயிருந்தோம். சாமி கும்பிட இல்லை. ரப்பர் படகில் ஏறி, பாறைகளுக்கு நடுவே பாய்கிற தண்ணீரில் போவதற்கு. இப்போது சொன்னாலும் எங்கள் லயத்து வீடுகளில் சிலர் நம்ப மாட்டார்கள்.

நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தேத்தண்ணி நேரத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்க வருகிறவர்கள் ஊர்க்கதை முழுவதையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். வருடா வருடம் நாங்கள் பஸ் பிடித்துப் போகும் பயணத்துக்கும் அங்கேதான் திட்டம் போடுவோம். பயணம் என்றால் கோயில்தான். கதிர்காமம், முன்னேஸ்வரம், மறுபடியும் கதிர்காமம்.

அந்த வருடம் என் மகள் பதினோராம் வகுப்பு முடிந்து, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். போனைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள், யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதியதை எங்களுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்குச் சாகசப் பயணம் போக எப்படித் திட்டம் போடுவது, என்னென்ன எடுத்துப் போவது என்று நீளமாக எழுதியிருந்தார். எந்தத் தீவு என்று பார்த்தால், நாங்கள் ஜேர்சி போட்டுத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நடுங்கும் இதே தீவுதான்! விமானம் ஏறி வந்து அவர்கள் ஏறுகிற மலையில் நாங்கள் கூடையோடு தினமும் ஏறுகிறோமே என்று விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால், அடுத்து அவள் காட்டிய படகுப் படத்தைப் பார்த்ததும் எல்லாரும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஹட்டனிலிருந்து இறங்கினால் காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில்தான் அந்த ஆறு இருந்தது.

எங்கள் பெண்களை மலையில் வேலை வாங்கும் கங்காணி ஒரு அக்கா. ஒரு மலையில் நின்று பேசினால் அடுத்த மலையில் கேட்கும் குரல் அவருக்கு. அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"இந்த வருசம் இதுக்கே போவோம். எத்தனை தடவதான் கோயிலுக்குப் போறது? சாமிக்கும் நம்ம மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துப் போயிருக்கும்."

அதற்கு மேல் யார் மறுத்துப் பேசுவது? வீட்டு ஆண்களைச் சமாளிப்பதற்காக, போகிற வழியில் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைப்பதாக ஒப்புக்கொண்டோம். போயா நாளைத் தேர்ந்தெடுத்ததும் யோசித்துத்தான். அன்றைக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. அதைவிட முக்கியம், பௌர்ணமி என்பதால் சாராயக் கடைகள் பூட்டியிருக்கும். துணைக்கு வருகிற இரண்டு மூன்று ஆண்களும் நிதானத்தோடு வருவார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நாள் குறித்திருக்கிறோம் என்று எங்களுக்கு நாங்களே தட்டிக்கொடுத்துக்கொண்டோம்.

திட்டம் போடுவதில் முன்னுக்கு நின்றவள் நான்தான். படகுக்காரரிடம் சிங்களத்தில் பேசியது, பஸ் பேசியது, ரொட்டிக்கு மா பங்கிட்டது எல்லாம் நான். ஆனால், படகில் ஏறுவதாக எனக்கு எண்ணமே இல்லை. எனக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பயம்.

சின்ன வகுப்பில் படிக்கும்போது, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஓடையைத் தாண்டும்போது மழைவெள்ளம் என்னை அடித்துக்கொண்டு போனது. கீழே வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் புத்தகப்பையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன். மூக்கிலும் வாயிலும் ஏறிய அந்தச் சேற்றுத் தண்ணீரின் ருசி இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஓடையில் கால் நனைத்ததில்லை. என் மகளையும் நனைக்க விட்டதில்லை. மழை பெய்தால் பாலத்து வழியாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். அவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போதும் கையை விட மாட்டேன். கூடப்படிக்கிற பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்று அழுதிருக்கிறாள். அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

படகில் போகத்தான் அவள் இந்தப் பயணத்தையே கிளப்பினாள் என்பது எனக்குத் தெரியும். நேராகக் கேட்டும் பார்த்தாள்.

"நானும் ஏறலாந்தானேம்மா?"

"போய்ப் பாப்போம்" என்றேன். அம்மாக்கள் 'போய்ப் பாப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. எல்லாரையும் படகில் ஏற்றிவிட்டு, நானும் மகளும் கரையில் பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்பது என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன்.

பஸ் கினிகத்தேனை தாண்டி இறங்க இறங்கக் காது அடைத்தது. ஒவ்வொருவராக ஜேர்சியைக் கழற்றினோம். பாட்டும் கைத்தட்டலுமாக ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்து எட்டிப் பார்த்தால், ஆற்றைக் காணோம். ஒரே கல். கல்லுக்கு நடுவில் சின்னச் சின்ன ஓடையாகத் தண்ணீர் நெளிந்துகொண்டிருந்தது. படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன.

படகு ஓட்டும் வழிகாட்டி ஒரு சிங்களத் தம்பி. தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். மேலே மின்சார நிலையத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால்தான் இங்கே ஆறு நிறையுமாம். இன்றைக்கு விடுமுறை, தொழிற்சாலையும் இல்லை, அலுவலகமும் இல்லை. கரண்டு அவ்வளவாகத் தேவைப்படாததால் எப்போது திறப்பார்கள் என்று தெரியாதாம். எங்கள் கெட்டிக்காரத்தனம் அப்படிப் பல்லிளித்தது.

கங்காணி அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்போம். அந்தப் பெரட்டுக் குரலிலேயே சொன்னார்.

"நாங்க எல்லாரும் நேரத்துக்குப் பெரட்டுக்கு வந்துட்டோம். தண்ணிதான் இன்னும் வேலைக்கு வரல."

தமிழ் அரைகுறையாகப் புரிந்த வழிகாட்டித் தம்பியும் சேர்ந்து சிரித்தார். வேறு என்ன செய்வது? மரநிழலில் உட்கார்ந்து ரொட்டியையும் சம்பலையும் பிரித்தோம். எனக்குள் ஒரே சந்தோஷம். தண்ணீரே வராமல் போனால் மகளுக்கு நான் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய தேவையும் இருக்காதே!

சாப்பிட்டதும் பிள்ளைகள் படம் எடுக்க ஆற்றுக்குள் இறங்கினார்கள். நடுவில் மேசை மாதிரி ஒரு பெரிய பாறை. என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை; போனால் போகட்டும் என்று தலையாட்டினேன். விசில் ஊதினால் உடனே கரைக்கு வந்துவிட வேண்டும் என்று வழிகாட்டித் தம்பி கைகாட்டிச் சொல்லி அனுப்பினார். கல்லுக்குக் கல் தாவிப் போய்ப் பாறையில் ஏறி, அங்கிருந்து அவள் கையசைத்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

கொஞ்ச நேரம் போயிருக்கும். சத்தம்தான் முதலில் மாறியது. சலசலப்பு கனத்து, இரைச்சலாகிக்கொண்டு வந்தது. விசில் ஊதினார்கள். வழிகாட்டித் தம்பி, "வாங்க, வாங்க, எல்லாம் வாங்க!" என்று சத்தம் போட்டார். மற்றப் பிள்ளைகள் கூச்சலும் சிரிப்புமாகத் தாவித் தாவிக் கரைக்கு வந்துவிட்டார்கள். என் மகளும் பாறையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். அதைப் பார்த்ததும் நான் என்னை மறந்து கத்தினேன்.

"அசையாத! அங்கேயே நில்லு! தண்ணில கால வைக்காத!"

அவள் காலை எடுத்துக்கொண்டாள். அப்படியே நின்றுவிட்டாள்.

தம்பி வாங்க என்கிறார், கங்காணி அக்கா வாடி என்கிறார், கரை முழுக்க வா வா என்கிறது. அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாறையைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. என் பிள்ளையை அங்கே கட்டிப்போட்டு வைத்திருப்பது ஆறு இல்லை, நான்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நெஞ்சில் அடித்த மாதிரி உறைத்தது. அவளை வரச் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சேலையை வாரிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. முழங்காலுக்கு வந்தது, அதற்கு மேலும் வந்தது. காலுக்கடியில் கல் உருண்டது. ஒரு கையை நீட்டி, "வாம்மா. என்னையப் பாத்து வா. ஒண்ணும் ஆகாது" என்றேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் சொன்னேன். அவள் இறங்கினாள். அவள் விரல்கள் என் கைக்குள் வந்ததும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாகத் தடுமாறித் தடுமாறிக் கரையேறினோம்.

ஏறிய பிறகுதான் பார்த்தேன். எங்களுக்குக் கொஞ்சம் கீழே, இடுப்பளவு தண்ணீரில், வழிகாட்டித் தம்பி கையில் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கிய உடனே அவரும் இறங்கியிருக்கிறார். நாங்கள் வழுக்கினால் பிடிப்பதற்காக அங்கே காத்து நின்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

பொலபொலவென்று அழுதேன். ஒருத்தி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், ஒருத்தி தன் ஜேர்சியைப் போர்த்திவிட்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து என் சேலையைப் பிழிந்துவிட்டுக்கொண்டிருந்தாள். படகைப் பற்றி அவள் பேச்செடுக்கவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. 'இனி எந்தத் தண்ணீர்ப் பக்கமும் போகக் கூடாது' என்று நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்த முகம் அது.

வழிகாட்டித் தம்பி ஈரத்தோடு வந்து பக்கத்தில் குந்தி, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்.

"அக்கே, ஜாக்கெட் இல்ல, படகு இல்ல, அப்பவே தண்ணிக்குப் போனதுதானே? படகுல போறது அத மாதிரி பயம் இல்ல."

எனக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் சொன்னதில் என்ன பிழை? கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கும் மகளுக்கும் பாதுகாப்பு ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். மகள் சேலையைப் பிழிவதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவாம்மா?"

"நெசமாத்தான். ஆனா எம் பக்கத்துலதான் உக்காரணும்."

கங்காணி அக்காவுடைய மகளின் சுடிதார் ஒன்றை மாற்றிக்கொண்டு, தலையில் ஒரு கவசத்தோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். படகில் எப்படி உட்காருவது, எப்படித் துடுப்புப் போடுவது, விழுந்தால் என்ன செய்வது என்று தம்பி பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். முதல் பாய்ச்சலில் படகு மூக்குக் குப்புறப் போனபோது "முருகா!" என்று எல்லாரும் சேர்ந்து போட்ட சத்தத்தில், அந்த வருடம் கோயிலுக்குப் போகாத குறை தீர்ந்திருக்கும். தண்ணீர் முகத்தில் அடித்தது, வாய்க்குள்ளும் போனது. பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன், கடைசி வரைக்கும் பயந்துகொண்டேதான் இருந்தேன். ஆனால், என் தோளில் இடித்து இடித்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையை அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஆறு அமைதியாக அகன்று ஓடுகிற இடத்தில், விரும்புகிறவர்கள் குதித்து மிதக்கலாம் என்றார்கள். மகள் என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். குதித்தாள். நான் குதிக்கவில்லை, படகுக் கயிற்றை விடவும் இல்லை. வானத்தைப் பார்த்து மல்லாந்து, கையை விரித்து, என் பிள்ளை தண்ணீரில் மிதந்து வருவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தேன். எனக்கு அதுவே பெரிய காரியம்.

இப்போது அவள் உயர்தரப் பரீட்சையும் முடித்துவிட்டு, தாதியாகும் படிப்புக்கு மட்டக்களப்புக்குப் போயிருக்கிறாள். ஹட்டன் பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிவிடும்போதெல்லாம் 'போகாதே' என்ற கூச்சல் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. பயம் என்னை விட்டுப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால், அது என் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே திறந்து, "போயிட்டு வாம்மா" என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டேன்.