மாமன் வருகிற நேரம்

ராஜாமணி டீச்சர் பயந்த சுபாவம். விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் திண்டிவனம் வந்து, பெண்கள் பள்ளியில் அறிவியல் எடுத்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் இருமினாலே எழுந்து நின்றுவிடுவாள். ஆனால் மற்ற டீச்சர்கள் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டி ஓடுகிற இனப்பெருக்கப் பாடத்தை இவள் மட்டும் வரி விடாமல் நடத்துவாள். வயதுக்கு வந்த அன்று, செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்து அழுதவள் அவள்.

எண்பத்தாறில் ஒருநாள், அந்தப் பாடம் நடக்கும்போதே கிளியனூர்ப் பக்கத்துப் பெண் அம்சாவின் பாவாடையில் கறை தெரிந்தது. டீச்சர் அவளைத் தனியறைக்கு அழைத்துப்போய்த் துணி கொடுத்தாள். வழக்கப்படி ஆயா முனியம்மாளைப் பஸ் ஏற்றி, வீட்டுக்கு நல்ல சேதி சொல்லி அனுப்பினாள். அப்புறம் பெண்ணைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று, மாமா வந்து அழைத்துப்போவார், பச்சை ஓலையில் குடிசை கட்டுவார், சீர் கொண்டுவருவார் என்று அடுக்கினாள். எல்லாப் பெண்களும் வெட்கப்படுகிற இடம் அது.

அம்சாவுக்கு வெட்கம் வரவில்லை. சுவரோடு ஒடுங்கி நடுங்கினாள்.

"மாமா வேணாம் டீச்சர். அவரு கூட மட்டும் அனுப்பாதீங்க."

டீச்சர் என்ன, எப்போது என்று தோண்டவில்லை. அவளைத் தொடக்கூட இல்லை. அனுப்ப மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். ஆனால் ஆயா ஏறிய பஸ் போய்விட்டிருந்தது. அவனை வரவழைத்த புண்ணியவதி தான்தான் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அம்சாவின் அம்மா அஞ்சம்மாள் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போயிருந்ததால் சேதி முதலில் மாமன் காதில்தான் விழுந்தது. அவள் தம்பி சக்கரபாணி புதுப் பாவாடையும் மிட்டாய்ப் பொட்டலமுமாக, சிரித்த முகத்தோடு வந்து நின்றான். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று; ஊர் வழக்கத்தில் உனக்கென்ன வேலை, அனுப்பி வை என்று டீச்சரைக் கடிந்தாள். டீச்சர் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு, அம்மா வராமல் அனுப்புவதில்லை என்றாள். அவன் சிரிப்பு மாறாமல் குரலைத் தாழ்த்தினான்.

"விழுப்புரம் வண்டிக்குத் தனியாத்தானே போறீங்க, டீச்சரம்மா?"

பள்ளி விட்டபிறகு அஞ்சம்மாள் வந்தாள், காலில் மல்லாட்டைக் கொல்லை மண்ணோடு. என் தம்பி மேலா பழி போடுகிறாய் என்று மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்றுதான் டீச்சர் பயந்தாள். அஞ்சம்மாள் மகளைப் பார்த்தாள், வெளியே சைக்கிளில் சாய்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள், டீச்சரின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அவன வூட்ட வுட்டுத் தொரத்த எனக்குத் தெம்பில்லீங்க. இவள உங்க கூட இட்டுக்கினு போயிடறீங்களா?"

இவளுக்குத் தெரிந்திருக்கிறது! டீச்சருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பின்கேட் வழியாக அம்சாவை அழைத்துக்கொண்டு வண்டி ஏறினாள். வண்டியில் ஏறிய ஒவ்வொரு ஆணையும் இருவரும் ஒருசேரப் பார்த்தார்கள். அம்சா விழுப்புரத்திலேயே ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள்.

அதற்குப் பிறகு டீச்சர் யார் வீட்டுக்கும் தானாக ஆள் அனுப்பியதில்லை. அந்தப் பாடம் வந்தால், ஒவ்வொரு பெண்ணையும் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: உனக்கு ஒன்று என்றால் யாருக்குச் சொல்லி அனுப்பட்டும்? அம்மா, அத்தை, பெரியம்மா என்று பெண்கள் சொல்வார்கள். வருடத்துக்கு ஒருத்தியாவது, யாருக்கும் வேண்டாம் டீச்சர் என்பாள்.