தண்ணீர் படாத தொட்டி

சண்முகத்தாய் உப்பளத்தை விட்டு ரொட்டிக் கம்பெனிக்கு வந்தது ரொட்டி மேல் இருந்த ஆசையால் இல்லை; தன் கால் மேல் இருந்த ஆசையால். அளத்தில் உப்பு வாரிய காலத்தில் அவளுடைய குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அந்த வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் இறங்கினால் எப்படியிருக்கும் என்பதை அளத்தில் நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய சந்தில் பால்துரையின் ரொட்டிக் கம்பெனியில் மெஷின் துடைக்க ஆள் கேட்கிறார்கள் என்று காதில் விழுந்ததும், புருஷன் மந்திரமூர்த்தியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் நின்றுவிட்டாள். நாளடைவில் குதிகால் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு தன்னை அளத்துப் பக்கம் இழுக்க எவனாலும் முடியாது என்று அவளே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பால்துரை நாசரேத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கள்ளுக்கு எதிரான பிரசங்கத்தைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை விடிந்ததும் மாவு புளிக்க வைப்பதற்குக் கள்ளுப் பானைக்கு ஆள் அனுப்புகிறவர். கேட்டால், "நானா குடிக்கேன்? மாவுல்லா குடிக்கி!" என்பார். உலகச் சண்டை தொடங்குவதற்கு முன்பே கொழும்பிலிருந்து மாவு பிசைகிற பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். ஓர் ஆளை உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிய இரும்புத் தொட்டி. உள்ளே வளைந்த இரண்டு இரும்புக் கைகள். எண்ணெய் எஞ்சினிலிருந்து வார் போட்டால் கைகள் சுற்றி மாவைப் புரட்டி எடுக்கும். எஞ்சினைப் பார்த்துக்கொண்டவன் அம்புரோஸ். முன்னால் படகு எஞ்சின் ஓட்டியவன், வாயாடி.

நாற்பத்து மூன்றாம் வருஷம் அது. நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு இந்தக் கம்பெனி ரொட்டிதான் தோணியில் போய்க்கொண்டிருந்தது. மெஷினுக்கு ஓய்வே இல்லை. வேலை முடிந்ததும் சண்முகத்தாய் தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சுரண்டுவாள், கழுவுவாள், துடைப்பாள். மாவுக்குக் குழாய்த் தண்ணீர். கழுவுவதற்கு முற்றத்துக் கிணற்றுத் தண்ணீர். அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல தண்ணீரைக் கழுவுவதற்குக் கொட்டினால் அந்த ஊரில் பைத்தியம் என்பார்கள்.

ஆயுத பூசை வந்தது. கம்பெனிக்கு லீவு. முதலாளி கிறிஸ்தவ வேதக்காரர், மெஷினுக்குப் பூசை போடமாட்டார். அதற்காகத் தனக்குச் சோறு போடுகிற மெஷினை அழுக்கோடு விட்டுவிட முடியுமா? சண்முகத்தாய் தனியாகப் போனாள். தொட்டியின் உள்பக்கம் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூத்ததுபோல இருப்பது அவளுக்கு ரொம்ப நாளாகக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. வீட்டுப் பித்தளைக் குடத்துக்குச் செய்கிற மாதிரியே கையளவு புளியும் மணலும் போட்டுத் தோள் கழல்கிற வரைக்கும் தேய்த்தாள். சாம்பல் நிறம் போய் உள்ளே பளபளவென்று வந்தது. கிணற்றுத் தண்ணீரை வாரி ஊற்றிக் கழுவி, வெளியே சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, நிறைந்த மனதோடு வீட்டுக்குப் போனாள். பாவம், அவள் தேய்த்து எடுத்தது அழுக்கு அல்ல. தொட்டிக்கு உள்ளே பூசியிருந்த ஈயம்.

மறுநாள் தொட்டியில் துரு பூத்திருந்ததை அரையிருட்டில் யாரும் பார்க்கவில்லை. மாவு பிசைந்தார்கள், சுட்டார்கள், ஏற்றினார்கள். போன தோணி மதியம் திரும்பி வந்தது, ரொட்டியோடு. அறுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு, வாயில் வைத்தால் இரும்பு வாடை. பால்துரை தொட்டிக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் செங்கல் நிறத்தில் வந்தது.

"யாரு கை வச்சது இதுல?"

சண்முகத்தாய் முன்னால் வந்தாள். "நாந்தான் மொதலாளி. அழுக்குன்னு நெனச்சுத் தேய்ச்சிட்டேன்."

"ஈயம் பூசுனாத்தான் இனி இதுல மாவு போடலாம்" என்றான் அம்புரோஸ். "ஈயம் வாரதே மலாயாலேருந்து. அத சப்பான்காரன் புடிச்சதுலேருந்து ஈயத்தக் கண்ணால பாத்தவன் யாரு?"

பால்துரை கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரும்பு வியாபாரியை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். சண்டைக் காலத்தில் பழைய இரும்புக்கு நல்ல கிராக்கி. அந்த வியாபாரி வெளியூர் போயிருந்ததால் வண்டியோடு வரச் சில நாள் ஆகும் என்று பதில் வந்தது. "அதுவரைக்கும் கையால பிசைவோம்" என்றவர், சண்முகத்தாயைப் பார்த்து, "மெசின் இல்லாம ஒனக்கு இங்க என்ன வேல? நாளைலேருந்து வராண்டாம்" என்று முடித்துவிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டித் தோசை ஊற்றினாள். குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மறுபடியும் அளமா? நினைத்த மாத்திரத்தில் அந்த எரிச்சல் கால் வழியாகத் தலைக்கு ஏறியது. அழுகை வரும்போல இருந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது, தன் மேலேயே. தோசையைத் திருப்பினாள். ஒட்டாமல் எழும்பி வந்தது. அப்படியே கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள்.

"ஏளா, கருகுது!" என்றான் மந்திரமூர்த்தி.

"இந்தக் கல்லு இரும்புதான?"

"பின்ன தங்கமா?"

"இதுக்கு எந்தக் காலத்துல ஈயம் பூசுனோம்? புளிச்ச மாவுதான தினமும் ஊத்துதேன். ஏன் துருப் பிடிக்கல?"

மந்திரமூர்த்திக்குக் கருகிய தோசைதான் கிடைத்தது. அதை முணுமுணுக்காமல் தின்றான். அந்த முகத்தோடு அவள் நிற்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது அவன் பட்டுத் தெரிந்துகொண்டது.

விடிந்ததும், வரவேண்டாம் என்று சொன்ன இடத்துக்கே போய் நின்றாள். "மொதலாளி, இரும்புக்காரர் வார வரைக்கும் தொட்டிய எங்கிட்ட விடுங்க. கெடுத்தவ நானு. சரியாக்கித் தாரேன். ஆகலேன்னா நானே வண்டியில ஏத்திவிட்டுட்டுப் போயிருதேன்."

"என்ன செய்யப் போற?"

"தோசக்கல்லப் பழக்குத மாதிரி பழக்கப் போறேன்."

அம்புரோஸ் விழுந்து விழுந்து சிரித்தான். பால்துரைக்குச் சிரிக்கவும் மனமில்லை. எப்படியும் எடைக்குப் போகிற சாமான்தானே என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்புரோஸை நச்சரித்து மெஷினின் இரண்டு இரும்புக் கைகளையும் கழற்ற வைத்தாள். கை வந்து தொட்டியில் சேருகிற மூட்டில் பழைய மாவு கல்லாக இறுகிக் கிடந்தது. அதை உளி வைத்துப் பெயர்த்தாள். செங்கல் பொடியும் தவிடும் போட்டு, தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்காமல் துருவைத் தேய்த்து எடுத்தாள். அடுப்பிலிருந்து தணலை இரும்புச் சட்டிகளில் அள்ளித் தொட்டிக்கு அடியில் வைத்துச் சூடேற்றி, கிடைத்த விளக்கெண்ணெயைத் தாராளமாகப் பூசினாள். அங்கேதான் சறுக்கியது. ஆறிய பிறகு தொட்டால் விரல் பிசின்போல ஒட்டியது. கொஞ்சம் மாவைப் போட்டுப் பார்த்தால் மாவும் ஒட்டியது, நாற்றமும் ஒட்டியது.

"இந்த ரொட்டியத் தின்னா கப்பக்காரன் தூத்துக்குடியத் தாண்டமாட்டான். வயிறு நிக்காது!" என்றான் அம்புரோஸ்.

"சிரிச்சு முடிச்சிட்டீங்களாண்ணே? முடிச்சிட்டீங்கன்னா தணலப் போடுங்க."

பூசியதையெல்லாம் மறுபடி செங்கல் பொடி போட்டு உரித்தாள். அவள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டாள். அவசரப்பட்டதுதான் தப்பு என்று அவளுக்குப் புரிந்தது. எந்தப் பெண் தோசைக்கல்லில் எண்ணெயைக் கொட்டுவாள்? வெங்காயத்தைப் பாதியாக அறுத்து, நல்லெண்ணெயில் லேசாகத் தொட்டு, சூடான இரும்பில் பூசியும் பூசாமலும் தேய்த்தாள். அது காய்ந்து கறுத்ததும் இன்னொரு தடவை. பிறகு இன்னொன்று. சிரித்துக்கொண்டிருந்த அம்புரோஸ் எப்போது சிரிப்பை நிறுத்தினான் என்று தெரியவில்லை. கேட்காமலே தணல் மாற்ற ஆரம்பித்திருந்தான். தொட்டிக்குள் கன்னங்கரேலென்று ஒரு மினுக்கம் ஏறியது. அதேபோல் பழக்கியெடுத்த இரும்புக் கைகளைப் பூட்டி, தவிட்டு மாவைப் போட்டு எஞ்சினை ஓட்டினார்கள். முதலில் வந்த மாவு கறுத்து வந்தது. அதை மாட்டுக்குப் போட்டார்கள். அடுத்தது கொஞ்சம் வெளுத்தது. அவள் விடவில்லை, போட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் இரும்பு வியாபாரி பேச்சிமுத்து வண்டியும் ஆளுமாக வாசலில் வந்து நின்றுவிட்டார். பால்துரை தோளில் வெள்ளை வெளேரென்ற துண்டோடு உள்ளே வந்தார். கோயிலுக்குப் போடுகிற துண்டு அது.

"அந்தத் துண்டாலயே தொடச்சுப் பாருங்க மொதலாளி" என்றாள் சண்முகத்தாய்.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். துண்டை எடுத்துத் தொட்டியின் அடியில், மூட்டில், கைகளின் வளைவில் எல்லாம் அழுத்தித் துடைத்தார். வெளிச்சத்தில் பிரித்துப் பிடித்தார். லேசாக எண்ணெய்க் கறை இருந்தது. சிவப்பு இல்லை, கறுப்பும் இல்லை. அவர் அந்தத் துண்டோடு வாசலுக்குப் போனார்.

"வண்டியத் திருப்புங்க அண்ணாச்சி" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. சண்முகத்தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்து, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகையை அழுது தீர்த்தாள். அம்புரோஸ் எஞ்சினுக்கு எண்ணெய் போடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அந்த அறையில் அவள் வைத்ததுதான் சட்டம். பனை மட்டையைச் செதுக்கிச் சுரண்டி செய்துகொண்டாள். சுரண்டல், தவிடு, எண்ணெய்த் துணி, அவ்வளவுதான் தொட்டிக்குக் குளியல். மாவுக்கு அளந்து ஊற்றுகிற தண்ணீரைத் தவிர வேறு குடம் அந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது. கை கழுவிவிட்டு ஈரத்தோடு வந்த பால்துரையையே ஒரு நாள், "அங்கனயே நில்லுங்க மொதலாளி, தொடச்சிட்டு வாங்க" என்று நிறுத்தினாள். அவரும் நின்றார். அதற்கப்புறம் எந்தத் தோணியும் ரொட்டியோடு திரும்பி வரவே இல்லை.

அடுத்த ஆயுத பூசைக்கு, லீவு நாளில், முதலாளியே கம்பெனிக்கு வந்திருந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் வாங்கிய, சந்தனம் குழைத்த கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். "இந்தா. ஒங்க வழக்கப்படி வச்சுக்கோ. பாதிரியார் காதுக்குப் போயிரக் கூடாது."

சண்முகத்தாய்க்கு மனம் நிறைந்துவிட்டது. ஆனாலும் கிண்ணத்தை வாங்கவில்லை. குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து, தொட்டியின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

"சந்தனத்த நீங்களே கொண்டு போங்க மொதலாளி. அதுல தண்ணி இருக்கு."