எட்டு அங்குல மண்குழாய்

யுத்த காலத்தில் இண்டூரில் ஒரு டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருந்தார்கள். நான் அப்போது தருமபுரியில் பள்ளிக்கூட வாத்தியார். விஞ்ஞானமும் கணக்கும் என் பாடங்கள். கொட்டகைக்காரருக்கு ஒரு குறை இருந்தது. ஒலிபெருக்கியில் வசனம் தெளிவாகக் கேட்டது, மத்தளச் சத்தம் மட்டும் தகர டப்பாவைத் தட்டியதுபோல் வந்தது. அதைக் கேள்விப்பட்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. ஒலிபெருக்கியை மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் முகப்பில் துளையிட்டு, அதில் உட்பக்கமாக ஒரு குழாயைப் பொருத்தினால் அடிநாதம் கனமாக எழும் என்று ஓர் ஆங்கில ரேடியோ பத்திரிகையில் படித்திருந்தேன். குழாயின் நீளம் மட்டும் சரியாக அமைய வேண்டும். பெட்டியின் கொள்ளளவும் குழாயின் வாயகலமும் தெரிந்தால் அதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். யாரும் கேட்காமலே நான் போட்டுத் தருவதாகச் சொன்னேன். அந்த வயதில் எனக்கு அப்படி ஒரு வியாதி.

வாயகலம் ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொண்டு போட்டதில் நீளம் எட்டு அங்குலம் வந்தது. இரும்புக் குழாய் அப்போது கண்ணில் காணக் கிடைக்காது. அதனால் ஊர்க் குயவரிடம் மண்ணில் செய்யச் சொல்லலாம் என்று போனேன். கிணற்றுக்கு இறக்கும் உறைகளுக்குப் பேர்போனவர் அவர். அவர் செய்த உறைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நடுவில் வைக்கோல்கூட நுழையாது என்பார்கள்.

அளவைச் சொன்னேன். அவர் கேட்டார்: "சுட்ட அளவு சொல்றீங்களா, பச்சை அளவு சொல்றீங்களா?"

எனக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தே அதைத் தெரிந்துகொண்டு அவரே விளக்கினார். "மண்ணு காயறப்பவும் வேகறப்பவும் சுருங்குமுங்க. அதான் கேட்டனுங்க."

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எட்டுன்னா எட்டு. நீ செஞ்சு குடு" என்றேன். அவருக்கு என் அப்பா வயது இருக்கும். அவர் சிரித்துக்கொண்டே அளவுகோலை எடுத்தார். வெட்டுக்குறிகள் போட்ட மூங்கில் கோல் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தோம். குயவர் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். தொப்பூரிலிருந்து தன் மச்சானையும் இன்னும் இரண்டு உறவுக்காரர்களையும் கூட்டி வந்திருந்தார். தான் வனைந்த குழாய் சினிமாக் கொட்டகையில் பாடப்போவதை அவர்கள் கேட்க வேண்டாமா!

இசைத்தட்டைப் போட்டார்கள். முன்பு தகர டப்பாவாவது கேட்டது. இப்போது மத்தளம், தண்ணீரில் ஊறிய தோலைப்போலத் தொளதொளவென்றிருந்தது. கொட்டகைக்காரர் என் பக்கம் திரும்பினார். "என்ன வாத்தியாரே, இப்படி ஆயிடுச்சு?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சூளையில குழா சுருங்கிப்போச்சு. அளவு தப்பிடுச்சு" என்றேன். மண் சுருங்கும் என்பதையே அந்த மனிதரிடம்தான் கற்றிருந்தேன். என் சட்டைப்பையில் அடிக்கோல் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை.

"இல்லீங்களே, சுருக்கத்துக்குச் சேத்துத்தானே வனைஞ்சேன்" என்றார் குயவர்.

"அப்போ படிச்சவரு பொய் சொல்றாரா?" என்றார் கொட்டகைக்காரர். உறவுக்காரர்களில் ஒருவன் சிரித்தான். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

குழாயைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்து அளந்தேன். நீளம் எட்டு அங்குலம், வாய் ஐந்து அங்குலம். மயிரிழைகூடக் கூடவில்லை, குறையவில்லை. பிறகு நோட்டைத் திறந்தேன். குழாயின் இரண்டு முனைகளுக்கும் வெளியே இருக்கும் கொஞ்சம் காற்றும் குழாய்க் காற்றோடு சேர்ந்தே அதிரும். ஆகவே அந்த அளவை நீளத்தில் கழிக்க வேண்டும். நான் கழிக்கவில்லை. கழித்தால் ஐந்து அங்குலத்துக்கும் குறைவாகத்தான் வந்தது. தண்ணீர் ஜாடியும் இசைக்கவையும் வைத்துச் செய்யும் சோதனையில் இதே திருத்தத்தை மறந்த பையன்களை நான் பெஞ்சுமேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைச் சொன்னாள். நான் ஒரு மனிதரைச் சொன்னேன்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. குழாயை நானே ரம்பத்தால் அறுத்து, முனையைத் தேய்த்து, மறுபடி பொருத்தினேன். மத்தளம் நெஞ்சில் வந்து இடித்தது. கொட்டகைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டார். "குயவன் விட்ட பிழைக்கும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டேன்" என்றேன். முதல் பொய் பயத்தில் வாய் தவறி வந்தது. இதை நானே யோசித்துச் சொன்னேன். இப்போது எழுதும்போதும் காது மடல் சுடுகிறது.

இரண்டு மாதம் தூக்கம் சரியில்லை. அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு நாள் கிளம்பினேன். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். அங்கே ஒரு குடியானவர் கிணற்று உறை கேட்டு நின்றுகொண்டிருந்தார். குயவர் சக்கரத்தில் சாதாரணச் சோற்றுப்பானை வனைந்துகொண்டிருந்தார்.

"உறையெல்லாம் இப்ப எடுக்கறதில்லீங்க. பானை சட்டி மட்டுந்தான்" என்றார் அவர். "அளவு வேலைக்குக் கை தப்புது. வேற ஆளைப் பாருங்க."

குடியானவர் நம்பவில்லை. "உன் உறைய இறக்கித்தான் எங்க கெணறே நிக்குது. உனக்குக் கை தப்புதுன்னு எவன் சொன்னான்?"

குயவர் நிமிர்ந்தார். என்னைக் கண்டதும் ஈரக் கையோடு கும்பிட்டார். அந்தக் கும்பிடில் கோபம் துளியும் இல்லை. "இதோ நம்ம வாத்தியாரே வந்துட்டாருங்க. அவருதான் கண்டுபுடிச்சாரு. வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றார்.

குடியானவர் என்னிடம் திரும்பி, "அப்படிங்களா?" என்று கேட்டார்.

நான், "ஆமாங்க" என்றேன்.