விளக்கின் மேல் வைத்த பொட்டு

ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள் காலை செம்பூரில் எங்கள் சர்வர் அறையில் ஒரு டிஸ்க் இழுத்துக்கொண்டு கிடந்தது. ஸ்கேன் சென்டர்களின் படங்களைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் எங்கள் வேலை. மூன்று மெஷின்களின் டிஸ்க்குகளும் சேர்ந்து ஒரே குடும்பம். இரண்டு டிஸ்க் படுத்தாலும் மற்றவை சமாளித்துவிடும், மூன்றாவதும் படுத்தால் அத்தனை நோயாளிகளின் படங்களும் போயே போச்சு. பக்கத்து மெஷினில் ஒன்று லீவிலேயே மண்டையைப் போட்டிருந்தது. இது இரண்டாவது. தப்பித்தவறி நல்லதைப் பிடுங்கிவிட்டேன் என்றால் தீர்ந்தது கதை.

எந்த டிஸ்க் என்று கண்டுபிடிப்பது சுலபம். கம்ப்யூட்டரில் சொன்னால் அந்த டிஸ்க்கின் குட்டி விளக்கு மஞ்சளாக மின்னும். சொன்னேன். போய்ப் பார்த்தால் ஒன்றும் மின்னவில்லை. பன்னிரண்டு விளக்குகளின் மேலும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன, காய்ந்து ஓடாகி.

எனக்கு வந்ததே கோபம். மாட்டுங்காவிலிருந்து வரும் எங்கள் மேனேஜர்தான் வருடா வருடம் பூஜை நடத்துகிறவர். கூப்பிட்டேன்.

"சார், இது என்ன சார் கூத்து? இவ்வளவு பெரிய பெட்டியில வேற எடமே கெடைக்கலயா? லைட்டு மேலயா பொட்டு வைப்பாவ?"

"வேகத்துல ஆயிடுத்தும்மா," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

தாராவியில் பைப்படிச் சண்டை பார்த்து வளர்ந்த வாய் எனக்கு, லேசில் மூடாது. சேஃப்டி பின்னைக் கழற்றி, தரையில் குந்தி, அடிவரிசையிலிருந்து சுரண்ட ஆரம்பித்தேன். விளக்குக்கு ஒட்டினாற்போல் பட்டன். கை சறுக்கி அதில் பட்டால் நல்ல டிஸ்க் வெளியே வந்துவிடும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுரண்டினேன், வாய் மட்டும் நிற்கவில்லை. படித்தவர் செய்கிற வேலையா, கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்தீர்களா, எல்லாம் கேட்டேன். அவர் பாட்டுக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது பொட்டுக்கு அடியில் மஞ்சள் மின்னியது. நம்பரைச் சரிபார்த்து, அதை உருவி, புதுசைச் சொருகினேன். கொஞ்ச நேரத்தில் திரையில் புது டிஸ்க் நிரம்பும் சதவீதம் ஏறத் தொடங்கியது. அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தேன்.

அவர் தன் போனை நீட்டினார். பூஜை வீடியோ. அவர் மணியடிக்கிறார். தட்டை வைத்துக்கொண்டு, குனிந்து, சிரிக்கச் சிரிக்கக் கட்டைவிரலால் விளக்கு விளக்காக அழுத்திக்கொண்டு போவது நான். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், நெற்றியில் ஒரு பொட்டு வைக்காதவள். பஜ்ஜி ஆறிவிடும் என்று அன்று பறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் அந்தக் கத்து கத்துனேனே சார், அப்பவே காட்டியிருக்கலாம்லா?"

"எப்படிக் காட்டறது? சேஃப்டி பின் உன் கையில இருந்துதேம்மா. கை நடுங்கிட்டா?"