இமை முடிக்குப் பித்தளைச் சாமான்

பதினோரு வருஷம் பட்டாசு கம்பெனியில் மருந்து அடைத்த கை என்னுடையது. அதே கையை வைத்துக்கொண்டு இப்போது விருதுநகரில் ஒற்றை ரூமில் பார்லர் நடத்துகிறேன். புருவம் திருத்துவது, ஃபேஷியல், கல்யாணப் பெண் அலங்காரம் எல்லாம் ஓரளவுக்கு வரும். ஓரளவு என்பதும் நானே போட்டுக்கொண்ட மார்க்குதான்.

லேஷ் லிஃப்ட் கற்றுக்கொள்ள மதுரைக்கு ஒருநாள் வகுப்புக்குப் போனேன். கீழே பார்த்துக் கிடக்கும் இமை முடியை மேலே வளைத்து நிறுத்துகிற வேலை அது. கண்ணை மூடிப் படுத்திருப்பவரின் இமைமேல் வளைந்த சிலிகான் துண்டை ஒட்டி, முடியைப் பிரித்துச் சீவி அதன்மேல் பசையில் படியவைத்து, இரண்டு மருந்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தடவ வேண்டும். சரியான சாமானை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது என்றார் சொல்லிக்கொடுத்த பெண். முடி குட்டையென்றால் சின்னத் துண்டு, நீளமென்றால் பெரியது. சீவிப் பிரிப்பதற்கு நுனி வளைந்த மெல்லிய ஸ்டீல் கருவி. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் மட்டும் கையைத் தூக்கி, இது பித்தளையில் வராதா என்று கேட்டேன்.

என் மகள் வயதுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? கம்பெனியில் மருந்து இருக்கும் ரூமுக்குள் இரும்பு போகக் கூடாது. ஒரு உரசல், ஒரு பொறி போதும். சேலையில் குத்திய ஊக்கைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். மரம், மூங்கில், பித்தளை, இவ்வளவுதான் எங்களுக்கு. இமைக்குத் தடவுகிற மருந்து வெறும் க்ரீம், வெடிக்காது என்று என் புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. ஊருக்கு வந்து பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக ஸ்டீல் கருவியைத் துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

பிறகு பாத்திரக்கடைக்குப் போனேன். கடைக்கார பாய் பொறுமைசாலி. இமை முடி சீவப் பித்தளையில் ஏதாவது வேண்டும் என்றதும் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, காது குடைகிற குச்சி ஒன்றை எடுத்து வைத்தார். வேறு என்ன செய்வார், பாவம். அது தடிமனாக இருந்ததால் மூங்கிலைச் சீவி நானே ஒன்று செய்தேன். செய்து முடித்ததும் என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளோட்டம் வீட்டுக்காரர் கண்ணில். மூங்கில் பசையைக் குடித்து, நார் பிரிந்து, முடியோடு முடியாக ஒட்டிக்கொண்டது. வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஊறப்போட்டேன். அவர் அன்றைக்கு மதியச் சோற்றை ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சாப்பிட்டார், குழம்பில் உப்பு கம்மி என்று மட்டும் சொன்னார். வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு அலமாரியைத் திறந்திருப்பாள். நான் உப்புத்தாள் வாங்கி வந்து, இன்னும் வழுவழுப்பாக நாலு குச்சி செய்தேன்.

அந்த வாரம்தான் மதினி வந்தார். சொந்தமெல்லாம் இல்லை. கம்பெனியில் எனக்கு எதிரே உட்கார்ந்து மருந்து அடைத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் முன்னே மருந்து குப்பென்று பற்றியதில் கையில் காயம், புருவமும் இமை முடியும் பொசுங்கிவிட்டன. எதிரே இருந்த எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் மறுநாளிலிருந்து நான் கம்பெனிப் பக்கம் போகவில்லை. அவர் புண் ஆறியதும் வேலைக்குத் திரும்பிவிட்டார், இன்றைக்கும் போகிறார்.

முடி திரும்ப முளைத்தது, ஆனால் குட்டையாக, விறைப்பாக, தரையைப் பார்த்து. எந்நேரமும் தூங்கி விழுகிற மாதிரி இருக்கிறதென்று யாரோ சொல்லிவிட, போட்டோ எடுத்தால் தலையைக் குனிந்துகொள்வாராம். நாலு நாளில் மகளுக்குக் கல்யாணம். அவள் பக்கத்தில் ஒரு போட்டோவிலாவது நிமிர்ந்து நிற்க வேண்டும், அதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்.

படுக்கவைத்து, என் நாலு குச்சிகளையும் தட்டில் பரப்பினேன். மதுரையில் ஸ்டீலில் சொல்லிக்கொடுத்தார்கள், இங்கே இரும்பே கிடையாது, பயப்படாதீர்கள் என்று பெருமையாக வேறு சொன்னேன். மதினி தலையைத் தூக்கித் தட்டைப் பார்த்தார்.

"ஏத்தா, நான் என்ன வேலைக்கா வந்திருக்கேன்? விடிஞ்சதுல இருந்து மூங்கிக் குச்சியத்தான் பார்க்கேன், இங்கனயும் அதானா? மருதையில எத வச்சுச் செய்வாகளோ, எனக்கும் அத எடு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவரைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்றேனே, பயம் முழுக்க என்னுடையது. வேலையை விட்டு ஓடிவந்தவளும் நான்தான். அலமாரியைத் திறந்து ஸ்டீல் கருவியை எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்தேன். இருப்பதிலேயே சின்னத் துண்டை எடுத்து ஒட்டினேன். முதல் நாலைந்து முடியை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பிரித்தேன். அதற்குள் மதினி குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். என்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையில் பாதி எனக்கு இருந்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

எழுந்ததும் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என் கண்ணு முந்தியும் இம்புட்டுப் பெருசாத்தான் இருந்துச்சா?"

பதினோரு வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தவள் நான். ஆனால் மருந்து ரூமில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எதிரே இருப்பவரின் கை பிசகினால் நமக்கும் சேர்த்துத்தான் ஆபத்து என்பதால் பார்வை முழுக்கக் கையிலேயே இருக்கும். மதினியின் எந்த விரலில் எந்தத் தழும்பு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கண் எப்படி இருந்தது என்று தெரியவில்லை மதினி, நான் பார்த்ததே இல்லை என்றேன்.